எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காத டாக்டர்

செய்தி வந்தபோது நான் அக்காவுக்காகத் தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டிருந்தேன். குளிர்ந்த காலைகளில் இந்த நோய் உள்ளவர்கள் எல்லார் வீட்டிலும் நடக்கும் வேலை அது. விரல்கள் வெளுத்துப்போகும்; வெதுவெதுப்பான நீரில் வைத்தால்தான் ரத்தம் திரும்பும். போன் அடுப்பு மேடைமேல் இருந்தது. நம் வாட்ஸ்அப் குழுவில், மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடமிருந்து இரண்டே வரி. டாக்டர் பிலோமினா இன்று விடியற்காலை காலமானார். அல்சூர் வீட்டில் மாலை வரை வைத்திருப்பார்கள்.

அதற்குக் கீழே உடனே ஒரு ஸ்டிக்கர் விழுந்தது. மேடத்தின் கார்ட்டூன் முகம், இரண்டு காதிலும் விரல், தலைக்கு மேலே “மெஜஸ்டிக்! மெஜஸ்டிக்!” நான் செய்த ஸ்டிக்கர்தான். மேடத்தின் பெயர் குழுவில் வந்தாலே யாராவது அதைப் போடுவார்கள். நஸீர் பாய், மேடத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, செய்தியைப் படிக்காமலே போட்டுவிட்டார். சற்று நேரத்தில் அதை அழித்தார். பிறகு அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. திறந்து கேட்டேன். அவருடைய கடையில் ஓடும் தையல் மெஷின் சத்தம் மட்டும்தான் அதில் இருந்தது.

அடுப்பை அணைத்தேன். தண்ணீரின் சூட்டைப் பார்த்தேன். அக்காவைக் கூப்பிட்டேன். உள்ளே ஒன்றும் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு வரிக்கு மூன்று ஆச்சரியக்குறி போடுபவன் நான் என்று குழுவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். இன்று அந்தப் பக்கம் விரல் போகவில்லை.

மேடத்தை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் நோயாளிகளோடு வந்த வீட்டுக்காரர்கள் நிறையப் பேர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததோடு சரி, அவரைப் பார்த்ததே கிடையாது. அவர்களுக்காகக் கொஞ்சம் முதலிலிருந்து சொல்கிறேன்.

நம்மை ஒன்று சேர்த்தது ஒரு நோய். உடம்பின் காவல்படையே உடம்பைத் தாக்கும். தோல் இறுகித் தோல்பை மாதிரி ஆகும். விரல் மடங்காது, வாய் முழுதாகத் திறக்காது. சிலருக்கு அதே இறுக்கம் நுரையீரலுக்குள்ளும் போய்விடும். என் அக்கா கௌரிக்கு இரண்டும் இருந்தன. வைட்ஃபீல்டில் ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்கக் கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்தவள், ஒரு மழைக்காலத்தில் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் நின்றாள். நான் ஆனேக்கலில் வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்பவன். டாக்டருக்குப் படித்தவன் அல்ல. ஆனால் அன்று ராத்திரி தொடங்கி, இணையத்தில் இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். புரியாததைப் புரியும் வரை படித்தேன். அப்படித்தான் இந்தப் பரிசோதனை கண்ணில் பட்டது.

வழி தவறிய காவல்காரர்களைத் தேடிப் பிடித்து அழிக்கும் ஒரு ஆன்டிபாடியை ஆய்வுக்கூடத்தில் செய்கிறார்கள். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். வழக்கமான மாத்திரைகள் இரு பக்கத்துக்கும் உண்டு. ட்ரிப்ஸ் பையின் மேல் காக்கி உறை மாட்டியிருக்கும். யாருக்கு எது என்று நமக்கும் தெரியாது, பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. எல்லோருக்கும் எல்லாம் முடிந்த பிறகுதான், யாருக்கு எது என்ற பட்டியலின் பூட்டைத் திறப்பார்கள்.

பிலோமினா மேடம் அங்கே வைத்தியம் பார்க்கவில்லை. அவர் கிள்ளுவார். உடம்பில் பதினேழு இடங்களில் தோலைக் கிள்ளிப் பார்த்து, எவ்வளவு தடித்திருக்கிறது என்று எண் சொல்வார். இறுக்கமே இல்லாவிட்டால் ஸீரோ, கிள்ளவே முடியாவிட்டால் மூன்று. இதை அளக்க மெஷின் ஒன்றும் கிடையாது, இரண்டு விரல்தான். ஒருவர் விரல் போல இன்னொருவர் விரல் இருக்காது என்பதால், ஒரு நோயாளியைக் கடைசிவரை ஒரே ஆள்தான் கிள்ள வேண்டும். அந்த ஆளுக்கு நம்மைப் பற்றி வேறு எதுவும் தெரியக் கூடாது. நன்றாக இருக்கிறோம் என்று தெரிந்தால் விரல் இரக்கப்பட்டு எண்ணைக் குறைத்துவிடும். மோசம் என்று தெரிந்தால் கூட்டிவிடும்.

அதனால்தான் அவருடைய அறை தனி வராந்தாவின் கோடியில் இருந்தது. கதவில் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் அவர் கைப்பட எழுதி ஒட்டியிருந்த அட்டை: “உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். மற்றதெல்லாம் சொல்லுங்கள்.”

முதல் நாள் நான் அந்த அட்டையைப் படிக்கவில்லை. உள்ளே போனதும் ஆரம்பித்துவிட்டேன்.

“மேடம், அக்காவுக்கு முதல்ல விரல்ல ஆரம்பிச்சு, அப்புறம் மாடி ஏறினா மூச்சு...”

மேடம் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார். பஸ் கண்டக்டர் குரலில் சத்தமாக ஆரம்பித்தார்: “சந்தாபுரா, ஹெப்பகோடி, எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி, சில்க் போர்டு, மடிவாளா! யாரு மேன் எறங்கறது? மெஜஸ்டிக்! மெஜஸ்டிக்!”

நான் வாயை மூடிய பிறகுதான் விரலை எடுத்தார். அக்கா அழுதுகொண்டே உள்ளே வந்தவள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் பயம்தான் வந்தது.

“ஆனேக்கல் ரூட்டு மேடம் இது. உங்களுக்கு எப்படி?” என்று அக்கா கேட்டாள்.

“படிச்சப்போ கொஞ்ச நாள் அங்க வேலை. தினம் நின்னுக்கிட்டே போவேன். பாதி ஸ்டாப் மறந்துபோச்சு. சத்தம் மட்டும் மறக்கல.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இவரு யாரு? நெட்ல படிச்ச டாக்டரா?”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க மேடம்?”

“நெஜ டாக்டரு இவ்ளோ வேகமா பேச மாட்டாரு. உக்காரு, நெட் டாக்டர். வீட்ல இன்னிக்கு என்ன சமையல்? அதைச் சொல்லு.”

அன்று முதல் என் பெயர் அதுதான். அன்று முதல் நான் அவருடைய ரசிகன். நடிகருக்கும் கிரிக்கெட் வீரருக்கும் ரசிகர்கள் உண்டு. தோலைக் கிள்ளும் டாக்டருக்கு ஸ்டிக்கர் செய்தது நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கிள்ளுவதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்வார். நோயாளிகள் எல்லோரும் கவனித்திருப்பீர்கள். பிளாஸ்கில் வெந்நீர் வைத்திருப்பார். டம்ளரில் ஊற்றி, குடிக்காமல், இரண்டு உள்ளங்கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். நம் தோலில் குளிர்ந்த விரல் பட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கை சூடானதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிள்ளுவார். நம் முகத்தைப் பார்க்க மாட்டார். எண்ணைச் சொல்வார், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ் எழுதிக்கொள்வார். கையும் முகமும் முடிந்ததும் நான் வெளியே வந்துவிடுவேன். மிச்சம் திரைக்குப் பின்னால்.

“போன தடவை என்ன மேடம் போட்டீங்க?” என்று ஒரு முறை கேட்டேன்.

“எனக்கே தெரியாது. தெரியவும் கூடாது. ஒவ்வொரு தடவையும் இந்தக் கையை நான் இப்போதான் முதல்ல பாக்கறேன்.” அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்தார். “நமஸ்காரம் கையே. புதுசா வந்திருக்கியா?”

அக்கா அந்த வார்த்தைக்காகவே போவாள் என்று நினைக்கிறேன். வீட்டில் நாங்கள் எல்லோரும் அவள் கையைப் பார்க்கும்போது நேற்றைய கையையும் சேர்த்தே பார்த்தோம். நேற்றைவிட மேலா, கீழா. மேடம் ஒருவர்தான் அந்தக் கையை அந்தக் கையாகவே பார்த்தார்.

நஸீர் பாய் கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் உள்ளே நடந்தது தெரியாது. அன்று அக்காவுக்கு முன்னால் அவருடைய முறை. ஜன்னலை ஒட்டின பெஞ்சில் நாங்கள் இருந்தோம். அதற்கு முந்தைய மாதம் குழுவில் ஒரே ஆட்டம்: மருந்தா, தண்ணியா? ட்ரிப்ஸ் போட்ட ராத்திரி யாருக்குக் காய்ச்சல், யாருக்குத் தலைவலி, யாருக்கு ஒன்றுமே இல்லை. அதை வைத்து ஆளுக்கு ஆள் பிரித்து ஒட்டினோம். பரிசோதனையில் இருப்பவர்கள் செய்யவே கூடாத காரியம் அது. அதை எல்லோரும் சேர்ந்து செய்தோம். நஸீர் பாய் தனக்கு எது ஓடுகிறது என்று முடிவே செய்துவிட்டார். எது என்று இங்கே எழுத மாட்டேன். முடிவு செய்த கையோடு, விலகிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் அன்று வந்திருந்தார்.

“மேடம், நக்கோ மேடம். போதும். நமக்குப் புரிஞ்சுபோச்சு, நமக்கு ஓடுறது...”

“சந்தாபுரா! ஹெப்பகோடி!”

“கேளுங்க மேடம், நான் நாளையிலேர்ந்து...”

“பொம்மனஹள்ளி! சில்க் போர்டு! சில்க் போர்டுல ஜாம்! அரை மணி நேரம் வண்டி நகராது!”

வெளியே பெஞ்சில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். கடைசியில் பாய் அடங்கினார். பிறகு மேடம் சாதாரணக் குரலில் சொன்னார்: “நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம் பாய். அதை நான் கேக்கக் கூடாது, சொல்லவும் கூடாது. பெரிய டாக்டர்கிட்ட பேசுங்க. ஆனா எனக்கு அந்தக் கையோட பழக்கம் ஆயிடுச்சு. கோவம் இருந்தா நீங்க வீட்ல இருங்க, கையை மட்டும் பஸ்ல ஏத்தி அனுப்புங்க.”

பாய் வெளியே வந்தார். எங்கள் யாரையும் பார்க்காமல், “கைக்கு அரை டிக்கெட்டா, ஃபுல் டிக்கெட்டாப்பா?” என்று கேட்டுக்கொண்டே போனார். அடுத்த மாதம் வந்தார். அதற்கு அடுத்த மாதமும் வந்தார்.

இனி நான் சொல்லப்போவது எனக்கும் அவருக்கும் மட்டும் நடந்தது.

ஒரு சனிக்கிழமை, அல்சூர் மெட்ரோ நிலையத்தில் அவரைப் பார்த்தேன். அதற்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் ஒன்று நடந்திருந்தது. அக்காவின் உடம்பைப் பற்றியது. நல்லதா கெட்டதா என்று சொல்ல மாட்டேன். ஏன் என்று கடைசியில் புரியும். அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் என்ற நிலையில் இருந்தேன். சொல்லத் தகுந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான் என்று தோன்றியது. அந்த ஒருவர், கையில் காய்கறிப் பையோடு, படியேறி என் எதிரே வந்துகொண்டிருந்தார்.

“மேடம்!”

அவர் பாதிப் படியில் நின்றார். பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு விரலை உயர்த்தினார்.

“சொல்லாத.”

“மேடம், ஆஸ்பத்திரிக்கு வெளிய தானே...”

“வெளியவும் சொல்லாத. முகத்தைக்கூட மாத்து. சிரிக்கவும் வேணாம், அழவும் வேணாம். ரேஷன் கடை க்யூல நிக்கிற மாதிரி வெச்சுக்கோ.”

வைத்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பரிசோதிப்பது மாதிரி பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் மக்கு மாதிரி,” என்றார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். மூச்சு வாங்கியது. நாங்கள் மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பழகியவர்கள். எனக்கு அது கண்ணில் பட்டது.

“மேடம், நீங்க எப்படி இருக்கீங்க?”

“அந்தக் கேள்வி நம்ம கடையில விக்கிறதில்ல மேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். பையை நான் தூக்கிக்கொண்டேன். மேலே போனதும் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு ரயிலை விட்டுவிட்டு, அடுத்ததற்கும் எழுந்திருக்காமல் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“எனக்கு மட்டும் ஆசை இல்லைன்னு நினைக்கிறியா? வருஷக்கணக்கா கிள்ளறேன். கிள்ளினதுல ஒருத்தருக்காவது நல்லதாச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. எல்லாம் முடியட்டும். பூட்டைத் திறக்கட்டும். அன்னிக்கு ஒரு நாள் உக்காரு. நான் டீ வாங்கித் தர்றேன். முதல்லேர்ந்து சொல்லு. ஒரு வார்த்தை விடாம கேக்கறேன். பஸ் ஸ்டாப் பேரே சொல்ல மாட்டேன்.”

“ப்ராமிஸா மேடம்?”

“ப்ராமிஸ். இப்போ அந்த முகத்தை மறுபடி போடு. நழுவுது.”

அன்று முதல் அந்த டீதான் என் கணக்கு. அக்காவுக்கு நடக்கும் ஒவ்வொன்றையும் மேடத்துக்கு எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் எடிட் செய்துகொண்டே இருந்தேன். எங்கே ஆரம்பிப்பது, எதை வெட்டுவது, அவர் எந்த இடத்தில் சிரிப்பார்.

அதற்குப் பிறகு சில வாரங்களில்தான் டாக்டர் சுஷ்மா வந்தார். மேடத்தின் அறையில் இன்னொரு நாற்காலி. மேடம் கிள்ளி முடித்ததும் வெளியே போவார். சுஷ்மா வந்து அதே இடங்களைக் கிள்ளுவார். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாது. இரண்டு பேரின் எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று மூன்றாவது ஆள் பார்ப்பார். இரண்டு விரல்களை இன்னொரு இரண்டு விரல்களாக மாற்றும் வேலை அது. ஒரு நாள் அக்காவின் கையைத் தொடுவதற்கு முன்னால், மேடம் தன் முன்கையை நீட்டி, சுஷ்மாவின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.

“இன்னும் அழுத்து. ஆ, இவ்ளோதான். இதுக்கு மேல போனா அவங்களுக்கு வலி. இதுக்குக் கீழ நின்னா நமக்குப் பொய்.”

“சரி மேடம். ஆய்து. புரிஞ்சுது.”

“புரிஞ்சா போதாது கண்ணு. விரலுக்குப் பழகணும்.”

நாம் என்ன நினைத்தோம் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நல்ல டாக்டர், நல்ல இங்கிலீஷ், திடீரென்று மாற்று ஆளைத் தயார் செய்கிறார் என்றால், பெங்களூரில் வேறு என்ன நினைப்பார்கள்? வெளிநாடு. நஸீர் பாய் குழுவில் எழுதினார்: “இனிமே மேடம் டாலர்ல கிள்ளுவாங்க.” லண்டனா கனடாவா என்று வாக்கெடுப்பு வைத்தோம். கனடா ஜெயித்தது. கனடா என்றதும் எல்லோர் மனதிலும் ஒரே விஷயம்தான் வந்தது. அங்கே குளிர்.

குளிரைப் பற்றி நம்மைவிடத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? வெயில் காலத்திலும் பையில் கையுறை வைத்திருப்பவர்கள் நாம். அக்கா கடை கடையாகப் பார்த்து ஒரு ஜோடி கம்பளிக் கையுறை வாங்கினாள். உள்ளே தையல் இருந்தால் விரல் நுனியில் அழுத்தும் என்று நஸீர் பாய் அதைத் திருப்பி, தையல் வெளியே வருகிற மாதிரி தைத்து, உள்ளே மெத்தென்ற துணி வைத்துக் கொடுத்தார். மேடம் வேலைக்கு வந்த கடைசி நாளன்று வராந்தாவில் வைத்துக் கொடுத்தோம்.

அவர் அதைக் கையில் மாட்டி, விரல்களை விரித்து விரித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது உங்க யூனிஃபார்ம் ஆச்சே. எனக்குக் குடுத்துட்டீங்க?”

“போற ஊர்ல குளிர் ஜாஸ்தி தானே மேடம்?” என்றார் பாய்.

“ஜாஸ்தின்னுதான் சொன்னாங்க.”

“எந்த ஊர்னு மட்டும் சொல்லுங்க மேடம். கனடாவுக்கு நான் ஓட்டுப் போட்டிருக்கேன்,” என்றேன் நான்.

“டிக்கெட் வரட்டும் மேன்,” என்றார். “என் டீயை மறக்காத.”

மறக்கவில்லை.

அவர் வீடு அல்சூரில், ஏரிக்குப் பக்கத்தில், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சந்தில். செவ்வாய் மதியம் நாங்கள் போனபோது வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். சட்டை ஒட்டும் வெயில். அந்த வெயிலில் நம் குழுவிலிருந்து வந்த பத்துப் பேரும் கையுறையோடு நின்றோம். உள்ளே குளிர்பெட்டி என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“எல்லாரும் க்ளவுஸ் போட்டிருக்கீங்களே, எதுனா சங்கமா?”

“ஆமாம்மா,” என்றார் நஸீர் பாய். “கிள்ளு வாங்கினவங்க சங்கம்.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை. பாயும் சிரிக்கவில்லை.

உள்ளே பெட்டியில் மேடம். நெஞ்சின்மேல் ஜெபமாலை. அதைப் பிடித்திருந்த கைகளில் நாம் கொடுத்த கையுறை. அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மேடத்தின் கணவர் ஸ்டீபன் சார் எங்களைக் கையுறையை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டார். “நீங்கதானா அது? தையலை வெளிய வெச்சுத் தைச்சது யாரு?” என்று கேட்டார். பாய் கையைத் தூக்கினார். சார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

கனடாவும் இல்லை, லண்டனும் இல்லை. குடலில் புற்றுநோய். தெரிந்தபோதே பரவியிருந்தது. அதற்குக் கொடுக்கும் மருந்தில் ஒன்று விரல் நுனியை மரத்துப்போகச் செய்யும், குளிர்ந்தது பட்டால் ஊசி குத்தும் என்று மேடத்துக்குத் தெரியும். மருந்து ஏறத் தொடங்கும் முன்பே தன் விரலை வேறொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டிருக்கிறார்.

“ஏன் சார் எங்ககிட்ட சொல்லல?” என்று அக்கா கேட்டாள்.

“நானும் கேட்டேன்மா. ‘நான் எப்படி இருக்கேன்னு தெரிஞ்சா அவங்க முகம் மாறும் ஸ்டீபன். நாலு பேரு வர்றதையே நிறுத்திடுவாங்க. கனடான்னு நினைச்சா திட்டுவாங்க, ஆனா வருவாங்க’ன்னா.”

அவர் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார்.

“தினம் காலைல காப்பி குடிச்சதும் என் கையைக் கிள்ளிப் பாப்பா. ‘ஸீரோ’ம்பா. டெஸ்ட்டாம். திரும்ப வேலைக்குப் போகணும்னு. ஒரு நாள் கிள்ளினா. மறுபடி கிள்ளினா. நம்பரே சொல்லல. உள்ள போய் அந்தக் க்ளவுஸை எடுத்து மாட்டிக்கிட்டா. அப்புறம் கழட்டவே இல்ல.”

வெளியே யாரோ தண்ணீர் பாட்டில் கேட்டார்கள்.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். இத்தனை மாதம் எடிட் செய்து வைத்திருந்தது அப்படியே எனக்குள் இருந்தது. முதல் வரி தயாராக இருந்தது. டீயும் இல்லை, பெஞ்சும் இல்லை; கேட்கிறேன் என்று சொன்னவர் இதோ இருக்கிறார். இங்கேயாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் பெட்டிக்கு அந்தப் பக்கம், தலைமாட்டில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தேன். டாக்டர் சுஷ்மா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

பரிசோதனை இன்னும் முடியவில்லை. பூட்டு திறக்கவில்லை. இப்போது அந்த விரல் சுஷ்மாவுடையது. என் அக்காவைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னாலும் அது சுஷ்மாவின் காதில் விழும். மேடம் செத்தும் எனக்குச் சொல்ல வழியில்லை. வாயை மூடிக்கொண்டேன். அக்காவைப் பார்த்தேன். அவளும் அதே நிலையில் நின்றுகொண்டிருந்தாள்: பெட்டியை நோக்கிக் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் நஸீர் பாய், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். பத்துப் பேரும் சொல்ல வந்திருந்தோம். பத்துப் பேரும் சொல்லாமல் நின்றோம்.

சுஷ்மா நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வரிசையைப் பார்த்தார். என்னவோ புரிந்திருக்க வேண்டும். எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் வாசல் பக்கம் நடந்தார். நடக்கும்போது அவர் குரல் கேட்டது. கன்னட உச்சரிப்பில், உடைந்து உடைந்து.

“சந்தாபுரா... ஹெப்பகோடி... எலக்ட்ரானிக் சிட்டி...”

சந்து முனை வரைக்கும் போயிருப்பார். குரல் சின்னதாகிக்கொண்டே போய், மடிவாளாவுக்குப் பிறகு கேட்கவில்லை.

அக்கா கையுறைக் கையைக் கண்ணாடிமேல் வைத்து, குனிந்து, சொன்னாள். முழுதும் சொன்னாள். அவளுக்குப் பிறகு பாய் சொன்னார். ஒவ்வொருவராகச் சொன்னோம். யார் சொன்னதையும் மற்றவர்கள் கேட்காதபடி தள்ளி நின்றோம். என் முறை வந்தபோது, எடிட் செய்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. “மேடம், அக்கா...” என்று ஆரம்பித்து, வந்ததைச் சொன்னேன். குறுக்கே யாரும் பஸ் ஸ்டாப் பெயர் சொல்லவில்லை.

அக்கா எப்படி இருக்கிறாள், பாய் எப்படி இருக்கிறார் என்று இந்தப் பதிவில் நான் எங்கேயும் எழுதவில்லை. எழுதியதை இரண்டு தடவை படித்துச் சரிபார்த்தேன். டாக்டர் சுஷ்மாவும் இதைப் படிப்பார். கீழே நீங்கள் எழுதும்போதும் மேடத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

அடுத்த வாரம் அக்காவுக்கு முறை. அதே அறை, அதே அட்டை, அதே பிளாஸ்க். சுஷ்மா கையைச் சூடாக்கிக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, அக்காவின் கையை முதல் தடவையாகப் பார்ப்பார். வீட்டில் என்ன சமையல் என்று கேட்பார். நான் சொல்வேன்.

மேடத்திடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது ஒரு முகம். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற முகம். மெட்ரோ படிக்கட்டில் அதை வைத்துக்கொள்ள எனக்கு வரவேயில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அது தானாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன். மேடம் பார்த்திருந்தால் இந்தத் தடவை ஒரு திருத்தமும் சொல்லியிருக்க மாட்டார்.